சாஃப்ட்வேர் கம்பெனி மூடிட்டு போனா எங்க கணக்கையும் சேத்து மூடிட்டு போகக்கூடாது: மும்பை தமிழ் கடைக்காரங்க கோரிக்கை மனு

பெறுநர்:
தலைமை ஆணையர் அவர்கள்,
மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம்,
புது தில்லி.

பொருள்: கம்பெனி கைவிட்ட சாஃப்ட்வேர காசு குடுத்து வாங்கினவங்களுக்கு என்ன உரிமைன்னு வழிகாட்டு நெறிமுறை வெளியிட வேண்டி.

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நாங்க மும்பைல தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர் பக்கம் சின்னச் சின்ன கடை வச்சு பொழைக்கிற தமிழ் ஆளுங்க. மளிகை, இட்லி மாவு, லெதர் பேக், ஸ்டேஷனரி, மருந்துக்கடைன்னு எல்லாரும் இருக்கோம். இத எழுதறது நான், இந்த கடைங்கள்ல பல பேருக்கு கணக்கு பாத்து மாசாமாசம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் குடுக்கறவன். கையெழுத்து போடறவங்க எல்லாரும் படிச்சுப் பாத்துட்டு தான் போடணும்னு தமிழ்ல எழுதிருக்கோம், இங்கிலீஷ் இந்தி பிரதியும் இதோட வச்சு அனுப்பறோம்.

தாராவி 90 அடி ரோட்ல ஒரு அண்ணாச்சி மளிகைக்கடை. லேமிங்டன் ரோடு டீலர்கிட்ட பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கினாரு, "லைஃப்டைம் லைசன்ஸ்"னு விளம்பர நோட்டீஸ்லயும் போட்டிருந்துச்சு, அவருக்கு குடுத்த பில்லுலயும் எழுதியே இருக்கு. ஆனா அந்த சாஃப்ட்வேர் ஒவ்வொரு தடவ தொறக்கும்போதும் கம்பெனியோட சர்வர கேட்டுட்டு தான் தொறக்கும், இத வாங்கும்போது யாரும் சொல்லல. அப்புறம் அந்த கம்பெனிய வேற ஒரு கம்பெனி வாங்கிருச்சு, கொஞ்ச நாள்ல பழைய சர்வர நிறுத்திட்டாங்க. ஒரு நாள் காலைல கடைய தொறந்து கம்ப்யூட்டர போட்டா லைசன்ஸ் சரிபாக்க முடியலன்னு ஒரு மெசேஜ், அதுக்கு மேல ஒண்ணும் நகரல. ஒரு மெயில் கிடையாது, ஃபோன் கிடையாது. டீலர் என் கைல ஒண்ணும் இல்லங்கறாரு. புது கம்பெனிய கேட்டா பழைய பிராடக்ட் எங்க பொறுப்பு இல்ல, எங்க கிளவுட் வெர்ஷனுக்கு வருஷா வருஷம் சந்தா கட்டுங்க, பழைய டேட்டாவ மாத்தித் தரணும்னா அதுக்கு தனி சார்ஜுன்னு சொல்றாங்க.

இங்க ஒண்ணு கவனிக்கணும் ஐயா. டேட்டா எங்கயும் போகல, அவரு கடை கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்லயே தான் இருக்கு. ஆனா அந்த ஃபைல அந்த சாஃப்ட்வேர தவிர வேற எதுவும் படிக்க முடியாத மாதிரி பூட்டி வச்சிருக்காங்க. அதுல என்ன இருக்குன்னு பாத்தா, யார் யார் எவ்வளவு உதாரி (கடன்) வச்சிருக்காங்கங்கற கணக்கு, மொத்த வியாபாரிக்கு குடுக்க வேண்டிய பாக்கி, ஸ்டாக், அத்தன பில்லு. தாராவில பாதி வியாபாரம் மாசக் கடன்ல தான் ஓடுது, சம்பளம் வந்ததும் குடுப்பாங்க, அந்த பாக்கி கணக்கு போச்சுன்னா கடைக்காரருக்கு கை ஒடிஞ்ச மாதிரி. ஜிஎஸ்டி போர்ட்டல்ல எல்லாம் இருக்குமேன்னு சில பேர் சொல்றாங்க, அங்க இருக்கறது நாங்க போட்ட ரிட்டர்ன் மட்டும் தான், சில்லறை வியாபாரம்னா மொத்தத் தொகையா போட்டிருப்போம், எந்த பொருள் யாருக்கு என்னிக்கு வித்தோம்ங்கற விவரம் அங்க கிடையாது.

அதே சமயம் சட்டம் எங்கள விடல. மத்திய ஜிஎஸ்டி சட்டம் 36ஆம் பிரிவு படி கணக்கு புத்தகங்கள வருடாந்திர ரிட்டர்ன் கடைசித் தேதிலேந்து 72 மாசம் பத்திரமா வச்சிருக்கணும். 2023-24 கணக்குன்னா 2030 டிசம்பர் வரைக்கும். கடைக்காரன் 2030 வரைக்கும் கணக்கு காட்டணும், அந்த கணக்க தொறக்கற சாவிய வச்சிருக்கற கம்பெனி மட்டும் நினைச்ச அன்னிக்கு ஓடிரலாம்னா இது என்ன நியாயம்? அதிகாரி வந்து கேட்டா சாஃப்ட்வேர் தொறக்கலைங்கன்னு சொன்னா ஒத்துக்குவாங்களா, நோட்டீஸ் எங்க பேருக்குத் தான வரும்.

இன்னொரு மாதிரியும் நடக்குது. சாஃப்ட்வேர் ஓடும், ஆனா அப்டேட் வராது. 2025 செப்டம்பர் 22 அன்னிக்கு ஜிஎஸ்டி விகிதம் மாறுச்சு, 12, 28 சதவீதத்துல இருந்த பெரும்பாலான பொருள் 5க்கும் 18க்கும் வந்துச்சு. அது நவராத்திரி மொத நாள், கடைல கூட்டம். கைவிட்ட சாஃப்ட்வேர் வச்சிருந்த சில கடைங்கள்ல வரி விகித பட்டியல கம்பெனி மட்டும் தான் மாத்த முடியும்ங்கற மாதிரி வச்சிருந்தாங்க, மாத்த அங்க ஆளே இல்ல. பழைய வரி போட்டா கஸ்டமர் சண்டைக்கு வருவாங்க, தப்பா வாங்கினோம்னு நாளைக்கு கேள்வியும் வரும். கடைசில கார்பன் பேப்பர் வச்ச பில் புக் வாங்கி கைல எழுதினாங்க, ராத்திரி உக்காந்து நான் கூட்டிப் போட்டேன்.

கம்பெனிங்க கைல ஒரு ஒப்பந்தம் இருக்கு, இன்ஸ்டால் பண்ணும்போது கீழ "ஒத்துக்கறேன்"னு அமுக்கறமே அது. எப்ப வேணாலும் எந்தக் காரணமும் சொல்லாம சேவைய நிறுத்த எங்களுக்கு உரிமை உண்டுன்னு அதுல எழுதிருப்பாங்க. ஆனா நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ல பிரிவு 2(46) இருக்கு, நியாயமான காரணம் இல்லாம ஒருதலைப்பட்சமா ஒப்பந்தத்த முடிக்கற உரிமைய ஒரு தரப்புக்கு மட்டும் குடுத்தா அது நியாயமற்ற ஒப்பந்தம்னு அதுலயே சொல்லிருக்கு. அப்ப சட்டம் எங்க பக்கம் தான் இருக்கு. ஆனா அந்த நியாயமற்ற ஒப்பந்தப் புகார மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல குடுக்க முடியாது, மாநில நுகர்வோர் ஆணையத்துக்குத் தான் போகணும். பதினஞ்சாயிரம் இருபதாயிரம் ரூபா சாஃப்ட்வேருக்காக ஒரு மாவு வியாபாரி கடைய மூடிட்டு மாநில ஆணையத்துல போயி நிப்பாரா? அப்படியே போனாலும் நீ கடைக்காரன், வணிக நோக்கத்துக்கு வாங்கினவன், நுகர்வோரே இல்லன்னு கம்பெனி வக்கீல் மொதல்லயே நிறுத்துவாரு. சுயதொழில் செஞ்சு வயித்துப் பொழப்புக்காக மட்டும் வாங்கினா அது வணிக நோக்கம் ஆகாதுன்னு பிரிவு 2(7)ல விளக்கம் இருக்கு, ஆனா பில்லிங் சாஃப்ட்வேருக்கு இது பொருந்தும்னு ஒரு வரி நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா அந்த வாதமே முடிஞ்சுது.

1915ன்னு நுகர்வோர் உதவி எண் இருக்கு, நல்ல ஏற்பாடு, மறுக்கல. ஆனா அது புகார கம்பெனிக்கு அனுப்பி சமாதானமா தீத்து வைக்கற வழி, பதில் சொல்ல அந்தப் பக்கம் யாருமே இல்லைன்னா அந்த வழி பாதில நின்னுரும். 2022 டிசம்பர் 24 அன்னிக்கு நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் செய்யும் உரிமைக்குன்னு ஒரு போர்ட்டல் தொடங்கினாங்க, விவசாயக் கருவி, மொபைல் எலக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருள், வண்டி இந்த நாலு துறைக்கு. அதுல சாஃப்ட்வேருக்குன்னு தனி இடம் இல்ல. இன்னிக்கு வாங்கற பொருள்ல பாதி சாஃப்ட்வேர் நின்னா தானும் நிக்கற பொருளா தான இருக்கு.

பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு ஏற்கனவே இருக்கு. பேங்குங்க முக்கியமான சாஃப்ட்வேருக்கு சோர்ஸ் கோட (சாஃப்ட்வேரோட மூல நிரல) வாங்கி வைக்கணும், இல்லைன்னா எஸ்க்ரோ, அதாவது மூணாவது ஆள்கிட்ட பத்திரமா குடுத்து வைக்கறது, இல்லைன்னா அது மாதிரி வேற ஏற்பாடு பண்ணணும்னு ரிசர்வ் பேங்க் 2023லயே உத்தரவு போட்ருக்கு, விக்கறவன் ஓடிட்டா பேங்க் நிக்கக்கூடாதுன்னு. அந்த யோசனை சரியான யோசனை. அதயே எங்க அளவுக்கு சின்னதா பண்ணித் தாங்கன்னு தான் கேக்கறோம்.

இது நடக்காத காரியமும் இல்ல. கூகுள் கம்பெனி ஸ்டேடியாங்கற கேம் சேவைய 2023 ஜனவரில மூடினப்ப தங்க கிட்ட வாங்கின கேமுக்கும் கருவிக்கும் காசத் திருப்பிக் குடுத்தாங்க. மைக்ரோசாஃப்ட் 2019ல மின்னூல் கடைய மூடினப்பவும் வாங்கினவங்களுக்கு ரீஃபண்ட் குடுத்தாங்க. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 கடைசின்னு வருஷக்கணக்கா முன்னாடியே தேதி சொல்லிருந்தாங்க, பிடிக்குதோ பிடிக்கலயோ தேதி தெரிஞ்சுது, தயாராக முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஒரு வருஷ பாதுகாப்பு அப்டேட்டுக்கு போட்ட நிபந்தனைய ஐரோப்பால நுகர்வோர் அமைப்புங்க எதிர்த்துக் கேட்டதும் அங்க தளர்த்தினாங்க, நம்ம ஊருக்கு அந்தத் தளர்வு வரல. கேக்கறவங்களுக்கு கெடைக்குதுங்கறதுக்கு இதுவே சாட்சி. இங்கிலாந்துல 2024 ஏப்ரல் 29லேந்து இன்டர்நெட்ல இணையற பொருள தயாரிக்கறவங்க எத்தன நாள் பாதுகாப்பு அப்டேட் தருவோம்னு முன்னாடியே சொல்லணும். ஐரோப்பிய யூனியன் கொண்டு வந்திருக்கற சைபர் சட்டம் 2027 டிசம்பர்ல முழுசா அமலுக்கு வரும்போது பொதுவா குறைஞ்சது 5 வருஷம் ஆதரவு தரணும். கலிஃபோர்னியால 2025லேந்து வெறும் லைசன்ஸ குடுத்துட்டு "வாங்குங்க"ன்னு சொல்லி விக்கறதுன்னா இது லைசன்ஸ் தான்னு தெளிவா சொல்லிட்டுத் தான் விக்கணும்.

நாங்க கேக்கறது எந்த கம்பெனியும் காலம் பூரா ஒரு சாஃப்ட்வேர நடத்தணும்னு இல்ல. நஷ்டம்னா மூடட்டும், சின்ன கம்பெனிங்க கஷ்டம் எங்களுக்கும் தெரியும், நாங்களும் சின்ன ஆளுங்க தான். மூடற விதத்துக்குத் தான் விதி வேணும்ங்கறோம். நிறுத்தறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி வாங்கினவங்களுக்கு மெசேஜ், மெயில், சாஃப்ட்வேர தொறந்ததும் தெரியற அறிவிப்புன்னு எல்லா வழிலயும் சொல்லணும். எல்லாத்த விடவும் முக்கியமானது எங்க டேட்டா: அத எக்செல் இல்லைன்னா சிஎஸ்வி மாதிரி எதுலயும் தொறக்கற ஃபைலா, பைசா வாங்காம, முழுசா எடுத்துக்கற வசதி மொத நாள்லேந்தே சாஃப்ட்வேருக்குள்ள இருக்கணும், மூடற நேரத்துல தர்றேன்னு சொல்றது போதாது, ஏன்னா மூடற நேரத்துல ஆள் இருக்க மாட்டாங்க. 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துலயும் டேட்டாவ ஒரு இடத்துலேந்து இன்னொரு இடத்துக்கு எடுத்துட்டுப் போற உரிமை இல்லாததால இத நீங்க தான் செய்யணும். லைசன்ஸ் சர்வர அணைக்கறதுக்கு முன்னாடி இனிமே சர்வர கேக்காம ஓடற மாதிரி ஒரு கடைசி அப்டேட் போட்டே ஆகணும். சந்தா மீதி இருந்தா மீதிக் காலத்துக்கு காசு திரும்பணும். கம்பெனி கை மாறினா இந்தக் கடமையும் அந்த கம்பெனிய வாங்கினவன் தலைல ஏறணும், பிராடக்ட் பேர எடுத்துக்கிட்டு பொறுப்ப மட்டும் விட்டுட்டுப் போறது இனிமே நடக்கக்கூடாது.

"லைஃப்டைம்"னு விளம்பரம் பண்றவங்க எந்தத் தேதி வரைக்கும் ஓடும்னு அதே எழுத்தளவுல போடணும், போடலைன்னா தவறான விளம்பரம்னு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 21ஆம் பிரிவுல 10 லட்சம் வரைக்கும் அபராதம் போட உங்களுக்கு அதிகாரம் இருக்கே. திவால் ஆன கம்பெனி விஷயத்துல அதோட சொத்த வித்து கடன் தீக்கற கலைப்பு அதிகாரி மொத வேலையா வாடிக்கையாளர் டேட்டாவத் தொறந்து விடணும்னு கம்பெனி விவகார அமைச்சகத்துக்கு நீங்க பரிந்துரை பண்ணணும்.

கைவிட்ட சாஃப்ட்வேர வேற வழில தொறந்தா குத்தமான்னும் ஒரு பயம் இருக்கு. சொந்த டேட்டாவ மீட்கறதுக்காக பென் டிரைவ்ல வர்ற, லைசன்ஸ் பூட்ட உடைக்கற க்ராக்க போட்டு வைரஸ் வாங்கிக் கட்டிக்கிட்ட கடைங்க இருக்கு. பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவு பேக்கப் பிரதி எடுக்கறதுக்கும் வேற சாஃப்ட்வேரோட ஒத்துப்போக வைக்கத் தேவையான விவரத்த எடுக்கறதுக்கும் இடம் குடுக்குது, ஆனா 65ஏ பிரிவு பதிப்புரிமைய மீறற நோக்கத்தோட பூட்ட உடைக்கறத குத்தம்ங்குது, ரெண்டுக்கும் நடுவுல தன் சொந்தக் கணக்கத் தொறக்கற கடைக்காரன் எந்தப் பக்கம்னு சம்பந்தப்பட்ட துறையோட பேசி தெளிவா சொல்லுங்க.

இதுக்கெல்லாம் புது சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லன்னு நினைக்கறோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 18ஆம் பிரிவுல நெறிமுறை வெளியிடற அதிகாரம் உங்க ஆணையத்துக்கு ஏற்கனவே இருக்கு, 2023 நவம்பர்ல ஆன்லைன் ஏமாத்து வேலைங்க 13 வகைய பேர் சொல்லித் தடுத்தது அதே அதிகாரத்துல தான். அதே மாதிரி இதுக்கும் ஒரு வரைவு போட்டு பொதுமக்கள் கருத்து கேளுங்க, நாங்க வந்து எங்க பில்லு, நோட்டீஸ், தொறக்காத ஃபைலு எல்லாத்தையும் காட்டறோம்.

இந்த மனு மேல என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு எழுத்துல பதில் தரணும்னு பணிவோட கேட்டுக்கறோம்.

இப்படிக்கு,
தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர் பகுதி சிறு கடைக்காரர்களும் கணக்கு எழுதுறவங்களும்,
மும்பை.

இணைப்பு: வாங்கின பில்லுகளோட நகல், "லைஃப்டைம்" விளம்பர நோட்டீஸ் நகல், லைசன்ஸ் மெசேஜ் வந்த திரையோட ஃபோட்டோ, கையெழுத்துப் பட்டியல்.