நடவுக் கரும்பை மட்டும் பார்த்து ரகம் சொல்லாதீர்கள்

கரும்பு ரகங்களைத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்கும் குழுக்களுக்கு,

வணக்கம். புது ரகம் ஒன்றை அறிவிக்கும்போது ஹெக்டேருக்கு இத்தனை டன் என்ற எண்ணைத்தான் முதலில் சொல்கிறீர்கள். பெரும்பாலும் அது நல்ல மண்ணில், தண்ணீர் பாய்ச்சி எடுத்த சராசரி. மானாவாரியில் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அதனால் என்ன பயன்? மழை பொய்த்த வருடத்தில் எவ்வளவு தேறும், இரண்டாவது மறுதாம்பில், அதாவது வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வரும் பயிரில், எத்தனை தூர் மிஞ்சும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

மறுதாம்பைப் பற்றித்தான் இந்த மடலே. நடவு வருடத்தில் உழவுக்கும், நடுவதற்கான கரும்புத் துண்டான விதைக்கரணைக்கும் பெருஞ்செலவு போய்விடும். மறுதாம்புக்கு அந்தச் செலவு இல்லை. சிறு விவசாயியின் கையில் ஏதாவது நிற்கிறது என்றால் அதில்தான். நடவில் முதலிடம் வாங்கிய ரகம், வெட்டிய பிறகு வறண்ட மண்ணில் பாதிக் கட்டை துளிர்க்காமல் நின்றால் அந்த முதலிடம் அவருக்கு எதற்கு? விளைச்சல் கொஞ்சம் குறைந்தாலும் மூன்று மறுதாம்பு தாங்கும் ரகத்தையே நான் எடுப்பேன்.

"வறட்சியைத் தாங்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். எந்தப் பருவத்து வறட்சி? தூர் கட்டும்போதும், அதையடுத்துக் கரும்பு விறுவிறுவென உயரும்போதும் ஈரம் குறைந்தால் அடி பலமாக விழும். முதிரும் சமயத்தில் மண் ஓரளவு காய்ந்திருந்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். இளம்பயிர் காயும்போது இளங்குருத்துப் புழுவும் சேர்ந்துகொள்ளும். இதையெல்லாம் தனித்தனியாகச் சொன்னால்தான் தன் ஊர் மழைக்கு எது ஒத்துவரும் என்று ஒருவர் முடிவெடுக்க முடியும்.

அப்புறம், வெட்டும் நாள் சிறு விவசாயியின் கையில் இல்லை. ஆலையின் முறை வரும்வரை கரும்பு வயலில்தான் நிற்கும். அதற்குள் பூத்து, உள்ளே சாறு வற்றிப் பஞ்சுபோல் நெட்டி விட்டு, எடை குறையும் ரகம் அவருக்கு ஆகாது. முதிர்ந்த பின் எத்தனை வாரம் தாங்கும் என்பதையும் சோதித்துச் சொல்லுங்கள்.

சோதனையை எங்கே நடத்துவது? கோயம்புத்தூரில் ஒட்டுச் சேர்த்துக் கிடைத்த விதையைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுபோய், அங்கேயே வளர்த்துத் தேர்ந்தெடுத்தவைதான் என்கோ 310, என்கோ 376 ரகங்கள். பெற்றோர் எங்கிருந்து வந்தாலும் சரி, தேர்வை மானாவாரி வயலிலேயே நடத்துங்கள். மறுதாம்பு வரை கூடவே வந்து கணக்கெடுங்கள்.

ஒரே ரகத்தை எல்லோர் தலையிலும் கட்டுவதும் வேண்டாம். உத்தரப் பிரதேசத்தில் கோ 0238 என்ற ரகம் பெரும்பரப்பைப் பிடித்தது. விளைச்சலும், கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரை அளவும் அருமை. பிறகு செவ்வழுகல் நோய் அதைத்தான் பிடித்துக்கொண்டது. ஒரு பகுதிக்கு இரண்டு மூன்று ரகங்களாவது கொடுங்கள்.

கடைசியாக விதைக்கரணை. ஒரு ஏக்கர் நாற்றங்காலில் ஏறக்குறைய பத்து ஏக்கருக்குத்தான் கரணை கிடைக்கும் என்பதால் புது ரகம் கடைக்கோடிக்கு வர வருடங்கள் ஆகின்றன. அதற்குள் பக்கத்து வயல் கரணை கைமாறுகிறது. மறுதாம்பைக் குட்டையாக்கும் பாக்டீரியா நோய் அதில் இருந்தாலும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வறட்சியில்தான் அதன் சேதம் முழுதாகத் தெரியும். கரணையை 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 2 மணி நேரம் வைத்தால் பெருமளவு கட்டுப்படும். தனி விவசாயியால் இது ஆகாது. ரகத்தை அறிவிக்கும் நாளிலேயே, நோயற்ற கரணை எங்கே, எப்போது கிடைக்கும் என்பதையும் சேர்த்து அறிவியுங்கள்.

இப்படிக்கு,
மானாவாரிக் கரும்பு விவசாயி ஒருவர்