மண்ணைக் குறைத்து மதிப்பிடாதே

அன்புள்ள கயலுக்கு,

வடகடல் காற்றாலைத் திட்டத்தில் மோனோபைல் (கடலடியில் அடித்து இறக்கி, காற்றாலையைத் தாங்கும் ஒற்றைப் பெரிய எஃகுக் குழாய்) டிசைன் உன் கைக்கு வந்ததில் ரொம்ப சந்தோஷம் அம்மாடி. அடுக்குமாடி அஸ்திவாரத்தில் பழகிய ஓர் எண்ணத்தை மட்டும் அங்கே கொண்டுபோகாதே: மண்ணின் விறைப்பைக் குறைத்து எடுத்தால் பாதுகாப்பு என்பது.

காற்றாலையில் முதலில் பார்க்க வேண்டியது இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் கோபுரம் தானாக விநாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது. ரோட்டரின் தட்டலோடு அது ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும். எல்லோரும் பழகும், அமெரிக்க ஆய்வகமான என்ஆர்இஎல் வெளியிட்ட 5 மெகாவாட் மாதிரிக் காற்றாலையையே எடு. ரோட்டர் நிமிடத்துக்கு 6.9 முதல் 12.1 சுற்று, அதாவது 0.115 முதல் 0.202 ஹெர்ட்ஸ். மூன்று இறக்கைகளும் கோபுரத்தைக் கடப்பது இதன் மும்மடங்கு, 0.345-இல் தொடங்கும். இருபுறமும் 10 சதவீதம் விட்டால் உனக்கு மிஞ்சுவது 0.222 முதல் 0.31 வரைதான். மண்ணை மென்மையாக எடுத்தால் கணக்கில் அதிர்வெண் இறங்கும், நீ விட்டத்தைக் கூட்டுவாய். கடலடி மண் நிஜத்தில் விறைப்பாக இருந்தால் கோபுரம் மேல் எல்லையில் போய் முட்டும். பெரிய டர்பைன்கள் மெதுவாகச் சுற்றுவதால் இந்த இடைவெளியே கீழிறங்கி, 8-10 விநாடி அலைகளுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

பழைய பி-ஒய் வளைவுகள் (பைல் பக்கவாட்டில் நகரும் தூரத்துக்கு மண் எவ்வளவு எதிர்க்கும் என்று காட்டுபவை) மணலுக்கு 0.61 மீட்டர் விட்டமுள்ள ஒல்லிப் பைல்களில் அளந்தவை. அவை வளையும். 8 மீட்டர் விட்டத்தில் 30 மீட்டர் புதைந்த பைலோ பெரும்பாலும் அப்படியே சாயும், அடிமுனை எதிர்ப்பக்கம் உதைக்கும். அப்போது பக்கச்சுவரின் செங்குத்து உராய்வும், அடிப்பரப்பில் எழும் ஷியரும் (வழுக்கலை எதிர்க்கும் விசை) மொமென்ட்டும் (சாய்வை எதிர்க்கும் திருப்பம்) சேர்ந்து தாங்கும். பழைய வளைவில் இவை தனியாக இல்லை. மோனோபைல் டிசைனுக்காக நடந்த பிசா ஆய்வில் இங்கிலாந்தின் கௌடன் களிமண்ணிலும் பிரான்ஸின் டன்கிர்க் மணலிலும் 2 மீட்டர் விட்டம் வரையிலான பைல்களை இழுத்துப் பார்த்தது இதற்காகத்தான். அந்த முறையில் மண்ணின் விறைப்பைச் சிறு திரிபிலேயே, அதாவது மண் மிகக் கொஞ்சமே உருமாறும் நிலையிலேயே, அளந்து கொடுக்க வேண்டும். அந்தச் சோதனைக்குக் காசு கேட்கத் தயங்காதே.

நீரோட்டம் பைலைச் சுற்றி மணலை அள்ளிப்போகும் மண்ணரிப்பை மறந்துவிடாதே. பாதுகாப்பு இல்லாத மணலில் குழி விட்டத்தின் 1.3 மடங்கு வரை போகலாம். 8 மீட்டருக்கு 10 மீட்டர், புதைந்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. கல் கொட்டினால் முதலில் பொடிக்கல் வடிகட்டி அடுக்கு, அதன்மேல் பெருங்கல். வடிகட்டி சரியில்லையென்றால் கல் இடுக்கு வழியாக மணல் உறிஞ்சப்பட்டுக் கற்கள் தாழும், கேபிள் விளிம்பில் தொங்கி உராயும்.

ஆகவே இரண்டு ரன் ஓட்டு: ஒன்று விறைப்பான மண், அரிப்பில்லை; மற்றது மென்மையான மண், முழு அரிப்பு. இரண்டும் எல்லைக்குள் வராவிட்டால் குழாய்ச் சுவரின் தடிமனைத் தடவிக்கொண்டிருக்காதே, விட்டத்தை மாற்று. பைலின் விறைப்பு விட்டத்தின் கனத்துக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்பக் கூடும், தடிமனுக்கு நேர்விகிதத்தில் மட்டுமே கூடும். முடிவுகளை அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா