உன் லென்ஸ்களைக் கடையில் கொடுத்துவிடாதே

அன்புள்ள மச்சான்,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதாததற்கு வேலை காரணமில்லை, சொல்ல முடியாத ஒரு விஷயம் மனதில் கிடந்தது. நேற்று சின்னவன் வந்து, நீ மிரர்லெஸுக்கு, அதுதான் உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கமராவுக்கு, மாறுகிறாய், பழைய லென்ஸ் எல்லாவற்றையும் கடையில் கொடுத்து விலையில் கழிக்கப் போகிறாய் என்றான். இனிப் பேசாமல் இருந்தால் சரிவராது.

முதலில் என் குற்றம். 2014இல் நீ வெளிக்கிடும்போது என் கையில் வைத்துவிட்டுப் போன 50 எம்எம் லென்ஸில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. மார்கழி மழை முழுவதும் அதைத் தோல் உறையோடு அலுமாரிக்குள் விட்டுவிட்டேன். நம்மூர் ஈரத்தில் அதைப்போல மோசமான இடம் இல்லை என்று எனக்குத் தெரியாதா? டோர்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்திவலை. திருத்துகிறவர் கழற்றித் துடைத்தார், ஆனால் மேல்பூச்சு அரிபட்டுவிட்டது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் படம் வெளிறிப்போகிறது. உப்புவெளி வீட்டு விறாந்தையில் உன் அம்மாவை எடுத்தேனே, உன் வீட்டுச் சுவரில் இருக்கிற அந்தப் படம், அது இந்த லென்ஸில் எடுத்ததுதான். அதனால்தான் எழுதக் கை வரவில்லை. மன்னித்துக்கொள்.

சரி, இப்போது காசுக் கதை. கமரா வாங்குகிறவர்கள் எல்லோரும் உடம்பின் விலையை மட்டும் விசாரிக்கிறார்கள், லென்ஸுக்குத்தான் வீடு காலியாகும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. எம்எம் கூடக் கூடத்தான் லென்ஸ் தூரத்தைக் கிட்ட இழுக்கும், என் கெனான் 70டி கமராவோடு வந்த லென்ஸ் 55 எம்எம்மோடு முடிந்துவிடும். படகில் போய்த் திமிங்கிலத்தை எடுத்தால் முதுகு ஒரு கறுப்புக் கோடு. அரங்கேற்றத்துக்குக் கூப்பிட்டால் மேடைக்கு முன்னால் போய் நின்று பின்வரிசைக்காரரிடம் ஏச்சு வாங்க வேண்டும். அதற்காகத்தான் 200 எம்எம் வரை இழுக்கும் 70-200 லென்ஸ் ஒன்றுக்கு அக்காவின் சீட்டில் காசு போட்டு வந்தேன். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபா, 600 டொலர் லென்ஸ் ஒரு லட்சத்து இருபதாயிரம். என்னிடம் தொண்ணூறாயிரம் சேர்ந்திருந்தது, இன்னும் ஆறு மாதம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். வைகாசிக்குள் டொலர் 360ஐத் தொட்டது, அதே லென்ஸ் இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம்! ஒரு சதமும் செலவழிக்காமலே என் தொண்ணூறாயிரம் பாதியானது போல இருந்தது. அப்புறம் அந்தக் காசு அப்பாவின் மருந்துக்குப் போனது, அதைப்பற்றி எனக்குக் கவலையில்லை. பிறகு டொலர் 300 பக்கம் இறங்கியது, நான் திரும்பவும் முதலாம் மாதத்திலிருந்து சீட்டுக் கட்டுகிறேன்.

எஃப் 2.8 வாங்கு, எஃப் 4 இரவில் உதவாது என்று நீ சொல்வாய், எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் பெரிதாகி வெளிச்சம் கூட வரும் என்பாய். கணக்குப் பார்த்துவிட்டேன். 200 எம்எம்மில் எஃப் 4 என்றால் 50 மில்லிமீட்டர் திறப்பு, எஃப் 2.8 என்றால் 71. பார்க்க இரண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் பரப்பு இரட்டிப்பு. அந்த அளவுக்குக் கண்ணாடியைப் பிழையில்லாமல் கடைந்தெடுக்க வேண்டும், விலை ஏறுவது அதனால்தான். பாரமும் அப்படியே, உன்னிடம் இருக்கிற எஃப் 4 எழுநூறு கிராம், மற்றதில் புதிய மொடல்கள் ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட. பங்குனித் திருவிழாவில் அதைத் தூக்கிக்கொண்டு கோணேசர் மலையில் ஏறி இறங்க என் தோளால் ஆகாது. கமரா வெளிச்சத்தை உணரும் அளவை, அந்த ஐஎஸ்ஓவை, 3200க்கு ஏற்றி, கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் நான் சமாளிப்பேன்.

இப்போது நான் கேட்க வந்தது. அந்த 70-200ஐ எனக்குத் தா. கடைக்காரன் கழித்துக்கொள்ளும் தொகையைவிட கொஞ்சம் கூட்டித் தருகிறேன், மாதம் மாதம் உன் தங்கச்சியிடம் கட்டுகிறேன். சும்மா அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லாதே, 50 எம்எம்முக்கு நடந்ததற்குப் பிறகு நான் இலவசமாக வாங்க மாட்டேன்.

மற்ற லென்ஸ்களை நீயே வைத்திரு என்றுதான் சொல்வேன், அதில் எனக்கு லாபம் ஒன்றுமில்லை. கெனான் 2018இல் மிரர்லெஸுக்குக் கொண்டுவந்த புது மவுண்டில், அதாவது லென்ஸை மாட்டும் வளையத்தில், லென்ஸுக்கும் சென்சருக்கும் நடுவில் 20 மில்லிமீட்டர்தான், பழையதில் 44. அந்த 24 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் அடாப்டர் என்கிற ஒரு இணைப்பு வளையத்தைப் போட்டால் உன் பழைய லென்ஸெல்லாம் ஓட்டோ ஃபோகஸோடு புது உடம்பில் ஓடும். ஒரு அடாப்டரோடு முடிகிற வேலைக்கு நாலு லென்ஸை அள்ளிக் கொடுக்காதே. உன் அவசரம் எனக்குத் தெரியும், கன்னியாவுக்குப் போன அன்று சைக்கிளுக்கு நடந்ததே போதும்.

இங்கே எல்லோரும் சுகம். அக்காவின் மகள் ஏஎல் பரீட்சை எடுக்கிறாள். வாத்தியார் இன்னும் உன்னைக் கேட்கிறார், கடன் ஞாபகம் இருக்கிறதாம். திருகோணமலைக் கோட்டைக்குள் மான்கள் முன்னைவிடக் கூட, பொலித்தீனைத் தின்னுவதைப் பார்க்கத்தான் வயிறு எரிகிறது.

தங்கச்சி ஆவணியில் வருகிறாளாமே. பார்சலில் போடாதே, அவளிடம் கைப்பையில் கொடுத்துவிடு. தோல் உறை வேண்டாம். காற்றுப் போகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்கி வைத்துவிட்டேன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவதாகக் கலண்டரில் குறித்தும் இருக்கிறேன். தொகையை மட்டும் எழுது.

உன்,
மச்சான்