உச்சியில் ஒரு பொய் அம்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மாணவர் பக்கத்தில், 'ஒரு பொருள் தொடர்ந்து நகர வேண்டுமானால் அதன்மீது விசை செயல்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்' என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். தாங்கள் அறியாததல்ல, நியூட்டன் தன் விதிகளை வெளியிட்டது 1687-இல். தபால் இன்னும் உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை போலும்.

இதே வரியோடுதான் வகுப்பறையில் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினேன். மேலே எறிந்த பந்தை வரைந்து, விசைகளை அம்புக்குறியால் காட்டச் சொல்வேன். பந்து கையை விட்டுப் போன பிறகும் பிள்ளைகள் மேல்நோக்கி ஓர் அம்பு போடுவார்கள். கேட்டால், "கை கொடுத்த விசை சார்!" கை கீழேயே நின்றுவிட்டதே, அப்புறம் எது தள்ளுகிறது? காற்றுத் தடையை விட்டுவிட்டால், ஏறும்போதும் இறங்கும்போதும் கீழ்நோக்கிய ஈர்ப்பு மட்டும்தான். உச்சியில் வேகம் சுழி; முடுக்கமோ, அதாவது வேகம் மாறும் வீதமோ, அதே 9.8 மீ/வி². ஒருவழியாகப் புரிய வைத்து அந்த அம்பை அழிக்கச் சொல்வேன். நீங்கள் அதைத் திரும்ப வரைந்து கொடுத்துவிட்டீர்கள்.

'தள்ளுவதை விட்டதும் மேசை நின்றுவிடுகிறதே' என்று உங்கள் கட்டுரையாளர் கேட்கலாம். நிறுத்துவது உராய்வு, ஐயா. அதுவும் விசைதான். 1977-இல் ஏவிய வாயேஜர் 1 விண்கலம் இன்றும் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பின்னாலிருந்து யாரும் தள்ளவில்லை.

எழுத உட்கார்ந்தாயிற்று, பழசையும் சொல்லிவிடுகிறேன். விண்வெளி வீரர்கள் மிதப்பது 'அங்கே ஈர்ப்பு இல்லாததால்' என்று முன்பு எழுதினீர்கள். விண்வெளி நிலையம் சுற்றும் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு தரையில் உள்ளதில் ஏறக்குறைய 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதக்கிறார்கள். ஈர்ப்பு இல்லையென்றால் நிலையம் நேர்க்கோட்டில் போயே போய்விடும். அதற்கும் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. சினிமா பக்கத்தில் ஒரு நடிகரின் பெயரில் எழுத்துப்பிழை வந்தபோது மட்டும் மறுநாளே 'வருந்துகிறோம்' வந்தது.

வினையும் எதிர்வினையும் 'ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும்' என்று எழுதியதும் நீங்கள்தான். அப்படியானால் உலகத்தில் எந்த வண்டியும் கிளம்பாது! இரண்டும் வெவ்வேறு பொருள்கள்மீது செயல்படுகின்றன, எப்படிச் சமனாகும்?

சரி, நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. 'ஒரு பொருளின் வேகமோ திசையோ மாறத்தான் விசை வேண்டும்' என்று அடுத்த மாணவர் பக்கத்தில், அதே அளவு கட்டத்தில் போடுங்கள். இடம் போதாதென்றால் குறுக்கெழுத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்
(இன்னும் தங்கள் சந்தாதாரர்)