அம்மாவின் வலியை நம்பியவர்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

எலும்பில் உள்ள புற்றுநோயின் வலியால் தவித்துவந்த அம்மா, நேற்று இரவு இடையில் விழிக்காமல் ஆறு மணி நேரம் உறங்கினார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதால் திரும்ப எழுதவில்லை. கதிர்வீச்சு அறைக்குத் தள்ளுவண்டியை அதிராமல் கொண்டுசென்ற ஊழியர்கள், மார்ஃபின் என்னும் வலிநிவாரணி மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்கக் கற்றுத்தந்த செவிலியர்கள், தினமும் ரசம் சாதம் அனுப்பிய எதிர்வீட்டு அத்தை, எந்நேரமும் வந்த ஆட்டோ அண்ணன், உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஆனால் இம்மடல் முதன்மையாக, பக்கத்துக் கட்டிலில் தம் தந்தையைக் கவனித்துக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவிக்கு உரியது.

"ஸ்கேனில் சின்னப் புள்ளிதானே தெரிகிறது, இதற்கா இவ்வளவு வலி?" என்று ஒருவர் கேட்ட நாளிலிருந்து அம்மா வலியைச் சொல்வதையே நிறுத்திவிட்டிருந்தார். ஒரு காலையில் அம்மாணவி என்னைத் தனியே அழைத்து, "பல் துலக்கும்போது அம்மா இடது குதிகாலைத் தரையில் ஊன்றுவதே இல்லை, கவனித்தீர்களா அக்கா?" என்று கேட்டார். பெற்ற மகள் நான் கவனிக்கவில்லை. வாய்விட்டுச் சொல்ல இயலாத எலிகளோடு வேலை செய்வதால், எந்தக் கால் பாரம் தாங்குகிறது, எதைத் தூக்கியே வைத்திருக்கிறது என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது என்றார்.

பிறகு அம்மாவின் அருகில் அமர்ந்து, ஸ்கேன் உறையின் பின்புறம் ஒரு தொடை எலும்பை வரைந்தார். 1999-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், சுண்டெலியின் தொடை எலும்புக்குள் புற்றுச் செல்களைச் செலுத்தி, எலும்பில் புற்று தரும் இவ்வலியைத் தனியே ஆராயத் தொடங்கினார்களாம். எலும்பைக் கரைக்கும் நம் உடலின் சொந்தச் செல்களையே புற்று தூண்டிவிடுகிறது. அவை சுரக்கும் அமிலம் எலும்பிலுள்ள நரம்பு நுனிகளைச் சுடுகிறது. நாளடைவில் தண்டுவடமும் மாறிப்போவதால் லேசாகத் தொட்டாலே வலிக்கிறது. ஆகவே புள்ளியின் அளவைக் கொண்டு வலியை அளக்க முடியாது என்றார். எலும்பு கரைவதைத் தடுக்கும் ஒரு புரதத்தைக் கொடுத்தபோது அந்தச் சுண்டெலிகளின் வலி தணிந்தது என்றும், அம்மாவுக்கு 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியும், எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டும் சமிக்ஞையை அப்புரதத்தைப் போலவே தடுக்கிறது என்றும் விளக்கினார்.

அம்மா நெடுநேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "அந்த எலிக்கும் வலிக்குமே கண்ணு?" என்றார்.

"வலிக்கும் அம்மா" என்று அவர் மறைக்காமல் சொன்னார். இயன்றவரை குறைவான எலிகளையே பயன்படுத்துவதும், வேதனை வரம்பு மீறுமுன் சோதனையை முடித்துவிடுவதும் தங்கள் கடமை என்றார். அதன் பிறகுதான் அம்மா வாய் திறந்தார்: "ராத்திரி புரண்டு படுக்கும்போதுதான் உயிர் போகிறது." அந்த ஒரு வாக்கியத்தை மறுநாள் மருத்துவரிடம் சொன்னோம்; இரவு மருந்தின் அளவு மாறியது.

சகோதரி, உங்கள் தந்தையை நீங்கள் வீட்டுக்கு அழைத்துச் சென்ற அன்று நாங்கள் கதிர்வீச்சு அறையில் இருந்தோம், முகவரிகூட வாங்கவில்லை. எனவேதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். அம்மா எப்படி நிற்கிறார், எப்படித் திரும்புகிறார் என்று தினமும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவருகிறேன். இனி ஒருநாளும் அதை விடமாட்டேன்.

சென்ற வெள்ளிக்கிழமை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்தே வந்தார். கொண்டுவந்த அருகம்புல்லில் ஒரு பிடியைப் பிரித்து, எதிரே இருக்கும் மூஞ்சூறின் காலடியில் வைத்தார்.