நெருப்பு வாங்கும் ஊர்

அன்புள்ள முருகேசா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். நிம்மதி. அவர் கேட்ட கங்கைச் செம்பு வாங்கிவிட்டேன். மூடிக்கு ஈயம் சரியாக வைத்திருக்கிறானா என்றுதான் சந்தேகம். ரயிலில் என் துணிமணிக்கெல்லாம் புண்ணியம் சேர்ந்துவிடும் போலிருக்கிறது.

காசியில் அனுமான் காட் பக்கம் தங்கியிருக்கிறேன். 1898இல் பாரதி அத்தை வீட்டுக்கு வந்து தங்கிப் படித்த பகுதி. சந்து திரும்பினால் இன்றும் தமிழ் காதில் விழுகிறது. படித்துறை வழியே வடக்கே கொஞ்சம் நடந்தால் அரிச்சந்திரா காட், பிணம் எரிக்கும் படித்துறை. பக்கத்திலேயே விறகில்லாமல் எரிக்கும் தகன மேடையும் இருக்கிறது. கூட்டம் என்னவோ விறகுப் பக்கம்தான்.

கொள்ளி வைக்க வருகிறவர் அங்கே வத்திப்பெட்டியை எடுப்பதில்லை. சிதை வேலை பார்க்கும் டோம் சாதிக்காரர்கள் அணையாமல் காக்கும் நெருப்பிலிருந்துதான், காய்ந்த புல்லில் பற்றவைத்து வாங்கிப் போக வேண்டும். அதற்குப் பேரம் உண்டு. மொட்டையடித்த பெரியவர் ஒருவர், பூணூல் தெரிய, டோம் இளைஞன் ஒருவன் முன் கைகட்டி நின்றார். இந்த நெருப்பில்லாமல் மோட்சமில்லை என்கிறார்கள். அப்படியானால் டோம் வீட்டில் தண்ணீர் குடிப்பீர்களா என்று படகுக்காரரைக் கேட்டேன். சிரித்துவிட்டு, நெருப்பு வாங்குவோம், தண்ணீர் வாங்க மாட்டோம் என்றார். அவர் மல்லா, படகோட்டும் சாதி. அவருக்கும் தனக்குக் கீழே ஒரு படி வேண்டியிருக்கிறது.

மதன்புராவில் சேலை பார்த்தேன். நெய்கிறவர்கள் பெரும்பாலும் அன்சாரி முஸ்லிம்கள். விற்பவர்களில் பலர் இந்துக்கள். இந்துப் பஞ்சாங்கத்து அகஹன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அந்த நெசவாளர்கள் தறியை நிறுத்திவிட்டுத் தொழுதுவிட்டு, கரும்போடு வீடு திரும்புவார்களாம். உன் மகளுக்கு ஒரு கத்தான் பட்டு எடுத்திருக்கிறேன், விலை கேட்காதே.

படியில் உட்கார்ந்திருந்தபோது உன் அப்பா காரியம் ஞாபகம் வந்தது. பதினாறாம் நாள் வெட்டியான் வந்து தெருவிலேயே நின்றார். நீதான் போய்த் திண்ணையில் உட்காரச் சொன்னாய். அவர் உட்காரவில்லை. உன் பெரியப்பாவும் வாசலைவிட்டு நகரவில்லை. நான் உள்ளே இலை போட்டுக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பெயர் என்ன, உனக்காவது தெரியுமா?

வியாழக்கிழமை கிளம்புகிறேன். செம்பு ஒழுகாமல் வந்தால் நேரே உங்கள் வீட்டுக்குத்தான்.

உன்,
சேகர்