கூண்டு ஏற்றாமல் விடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ பைத்தான் நிரல்மொழியில் எழுதி அனுப்பிய ஸ்கிரிப்டை நேற்று ராத்திரி உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். கடலூர் முதுநகரில் ஏலத்துக்கு வரும் மீனின் எடையைத் தினமும் கூட்டி, யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் போடுகிறது. மூன்று மாதமாக ஒரு தடவைகூட நின்றதில்லை என்று எழுதியிருந்தாய். எனக்குப் பயம் வந்ததே அதைப் படித்துத்தான்.

எடையை எண்ணாக மாற்றும் இடத்தில் பிழையைப் பிடிக்கும் 'எக்செப்ட்' கட்டளையை, எந்தப் பிழை என்று பெயர் சொல்லாமல் வெறுமனே போட்டு, பிழை வந்தால் 0 என்று திருப்பி அனுப்புகிறாய். யாராவது அவசரத்தில் '18 கி' என்று அடித்துவிட்டால்? பைத்தான் அங்கே வேல்யூஎரர், அதாவது மதிப்பு சரியில்லை என்ற பிழையை எழுப்பும். மாற்ற முடியாமல் போனது எது என்றும் சொல்லும். உன் வரி அதன் வாயை அடைத்துவிட்டு, 18 கிலோ சங்கராவை 0 கிலோ ஆக்கிவிடுகிறது. கூடை சுமந்து வந்த அம்மாவுக்குக் காசு குறையும். ஏன் குறைந்தது என்று உன்னாலும் சொல்ல முடியாது.

புயல் வருகிறது என்றால் நம் ஊரில் முதலில் என்ன கேட்போம்? துறைமுகத்தில் எத்தனாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்றுதானே? 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் நம்மைப் புரட்டிப் போட்டதை நீயும் பார்த்தவன். அந்தக் கூண்டுகளில் கடைசி எண் 11. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துபோனால் ஏற்றுவது. தகவல் இல்லை என்பதைக்கூட ஏற்றித்தான் சொல்கிறார்கள். பைத்தானில் 'ரெய்ஸ்' செய்வதும், அதாவது பிழையை எழுப்பிக் காட்டுவதும், இதே வேலைதான்.

சரி, மாற்ற வேண்டியதைச் சொல்கிறேன். வேல்யூஎரர் என்று பெயர் சொல்லிப் பிடி. வெறும் எக்செப்ட், ஓடுவதை நிறுத்த நாம் அழுத்தும் கண்ட்ரோல் சி-யைக்கூட விழுங்கும். நிறுத்தப் பார்த்தும், வரி வரியாகத் திரும்பத் திரும்ப ஓடும் லூப் நிற்கவில்லை என்றாயே, காரணம் அதுவாகத்தான் இருக்கும். பிடித்த பிழையோடு கோப்பின் பெயர், வரி எண், அடித்திருந்த எழுத்து மூன்றையும் சேர்த்து 'ரெய்ஸ் ஃப்ரம்' கொண்டு மறுபடி எழுப்பு. மூலப் பிழையும் கூடவே அச்சாகும். 2022-இல் வந்த 3.11 பதிப்பிலிருந்து, பிழையோடு குறிப்பு ஒட்ட 'ஆட்_நோட்' என்ற வசதியும் இருக்கிறது.

ஒரு வரி தப்பானதற்கு முழு நாள் கணக்கும் நிற்கணுமா என்று கேட்பாய். காசு விஷயத்தில் நிற்கத்தான் வேண்டும். ஆனால் முதல் தப்பிலேயே நிற்காதே, எழுப்பிய பிழையை லூப்பில் பிடித்துச் சேர்த்து வை. எல்லா வரிகளையும் பார்த்து, தப்பானவற்றை மொத்தமாக, பிழைச் செய்திக்கென்றே இருக்கும் ஸ்டாண்டர்டு எரரில் எழுதிவிட்டு, 1 என்ற எண்ணோடு வெளியேறு. 0 என்று முடிந்தால் எல்லாம் சரி என்று, கட்டளைகளை ஓட்டும் ஷெல் எடுத்துக்கொள்ளும், அடுத்த கட்டளை பட்டியலை அனுப்பிவிடும். அப்புறம், செய்தியைப் படிக்கப்போவது தராசுப் பக்கம் உட்கார்ந்திருப்பவர். '47-ஆம் வரி, எடை 18 கி என்று இருக்கிறது, எண் மட்டும் அடிக்கவும்' என்று தமிழிலேயே எழுது.

பழைய பட்டியல்களில் எடை 0 என்று வந்த வரிகளை இன்றைக்கே தேடி எடுத்து வை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்